நாக்கு நிரபராதி

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கிடுங்க. எனக்கு ஜன்னல் ஆகாது. முப்பத்தோரு வருஷம் படிக்கட்டுப் பக்கமே நின்னு பழகினவன், காத்து நேரா மூஞ்சியில அடிச்சாத் தலைவலி வந்துரும். பையை மடியில வச்சுக்கிடுங்க. மேல வச்சியன்னா இறங்கும்போது மறந்துருவிய. இந்த மாதிரி மறந்து விட்ட பை எத்தனையைக் கொண்டு போய் டிப்போவுல ஒப்படைச்சிருக்கேன் தெரியுமா. ஒரு பையில சேவல் இருந்துது, உயிரோட. அதுக்கு ரசீது எழுத ஒருத்தனுக்கும் தெரியல.

என் பேரு சொரிமுத்து. இதே பதினாலாம் நம்பர் டவுன் பஸ்ஸுல கண்டக்டர். கண்டக்டரா இருந்தேன்னு சொல்லணும், போன மாசத்தோட ரிட்டையர் ஆயிட்டேன். அந்தா நிக்கான் பாருங்க, அவன்தான் எனக்குப் பதிலா வந்திருக்க பய. மெஷினைத் தட்டுதான், அது கொஞ்ச நேரம் யோசிக்கு, பிறகு காயிதத்தைத் துப்புது. நானா இருந்தா இந்நேரம் பாதி வண்டிக்குக் கிழிச்சுக் கொடுத்திருப்பேன்.

நீங்க எங்க இறங்கணும்? மடையூருக்கு முந்தின ஸ்டாப்பா. நல்லதாப் போச்சு. நான் மடையூருக்கே போறேன், கடைசி ஸ்டாப். அங்க இசக்கின்னு ஒரு பிள்ள இருக்கா. எனக்குச் சொந்தம் இல்ல, பந்தம் இல்ல, என் வண்டியில பள்ளிக்கூடம் போற பிள்ள. இன்னைக்கு அவளுக்குப் பத்து வயசு நிறையுது. அவளுக்குன்னு ஒரு சாமான் கொண்டு போறேன், சட்டைப் பையில இருக்கு. என்ன சாமான்னு பைய சொல்லுதேன்.

அந்தப் பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறு தம்பி. இதயத்துல வால்வுன்னு ஒண்ணு இருக்காம்லா, அது நைஞ்சு போயிருக்கு. இருபத்தோரு நாளைக்கு ஒருக்க ஊசி போட்டுக்கிட்டுக் கிடக்கா. இன்னொரு தடவை தொண்டைப் புண்ணு வந்துதுன்னா அந்த வால்வு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. சத்தியமாச் சொல்லுதேன், என் மவன் துபாய்க்குப் போனப்பக்கூட எனக்கு இப்படி இல்ல.

ஆனா பாருங்க, அதுல கொண்டு போய் என் நாக்கை இழுத்து விட்டாவ. அதுதான் என் மனக்குறை.

நாக்குன்னா இந்த நாக்குதான். டிக்கெட் கிழிக்கதுன்னா சும்மா இல்ல. இடது கையில கட்டு, வலது கட்டை விரல்ல ஒரு ஈரம், ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. டிக்கெட்டு தனியா வந்துரும். ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்ததா என் சர்வீஸ்ல கிடையாது. ஜங்ஷனுக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவுல எம்பத்திரெண்டு பேருக்குக் கிழிச்சிருக்கேன், ஒரு ஆடி அமாவாசைக்கு. அந்த ஈரம் எங்க இருந்து வரும்? குழாயில இருந்தா வரும்? நாக்குல இருந்துதான் வரும். டிப்போவுல புதுசா வார பயலுகளை என்கிட்டத்தான் அனுப்புவாவ, எவ்வளவு ஈரம் எடுக்கணும்னு படிக்கதுக்கு. கூடுனா டிக்கெட்டு நைஞ்சிரும், குறைஞ்சா வழுக்கிரும்.

இன்னொண்ணும் சொல்லணும். என் வண்டியில ஒரு பிள்ளகூடப் படிக்கட்டுல தொங்காது. வேற எந்த வண்டியிலயாவது அப்படி உண்டான்னு கேட்டுப் பாருங்க. எல்லாக் கண்டக்டரும் தொண்டை கிழியக் கத்துவான், ஒரு பயலும் உள்ள வர மாட்டான். நான் கத்துனதே இல்ல. நான் ஒரு ஏற்பாடு வச்சிருந்தேன். எந்தப் பிள்ள உள்ள வந்து ஒழுங்கா நிக்கோ, அதுக்கு ஒரு ஸ்டாப்புல விசில் கொடுப்பேன். ரைட் விசில் அதுதான் ஊதணும், அது ஊதுனாத்தான் டிரைவர் கோயில்பிச்சை வண்டியை எடுப்பான். ஒரு பிள்ளைக்கு அதை விட என்ன வேணும் சொல்லுங்க. இம்புட்டுப் பெரிய வண்டி, அதோட ஒரு ஊதலுக்கு நகருது. சாயந்தரம் ஜங்ஷன்ல இருந்து மடையூருக்குப் பதினேழு ஸ்டாப்பு. முறை போட்டுப் பதினேழு பிள்ளைக்குக் கொடுப்பேன். நான் நிறுத்துற விசில் ஊதுவேன், அது ரைட் விசில் ஊதும். அடுத்த ஸ்டாப்புக்கு நான், பிறகு அடுத்த பிள்ள. பதினாறு பேர் ஊதி முடிச்ச பிறகு கடைசியில இசக்கிக்கு. மடையூர்ல இறங்குறது அவ ஒருத்திதான்.

அவளுக்கு மூச்சு பத்தாது, ரெண்டு எலும்பும் ஒரு ரிப்பனுமா இருப்பா. அதனால பாதியை நான் ஊதி, சத்தம் வந்ததும் சட்டுன்னு அவ வாயில வச்சிருவேன், மீதியை அவ ஊதுவா. எல்லாரும் அவளே முழுசா ஊதுனதாத்தான் நினைப்பாவ. "கண்டக்டர் தாத்தா, இன்னைக்கு மூணு ஊதட்டா?"ன்னு கேப்பா. நான் அஞ்சு ஊதுன்னு சொல்லுவேன்.

சரி, டாக்டரம்மா கதைக்கு வாறேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு இந்த ரூட்டுப் பிள்ளைகளுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு தொண்டைப் புண்ணு. எச்சில் முழுங்க முடியல, காய்ச்சல், கழுத்துல நெறி கட்டிருது. அதெல்லாம் வாறதுதானே, மழைக்காலம். ஆனா ஆவணி மாசம் இசக்கிக்கு முட்டி வீங்கிட்டு. ஒரு நாள் வலது முட்டி, மறுநாள் இடது முட்டி, பிறகு கணுக்கால். அவ அம்மா சண்முகத்தாய் பீடி சுத்துறவ, விளையாடுன இடத்துல விழுந்திருப்பான்னு எண்ணெய் தேய்ச்சிருக்கா. பிறகு பிள்ளைக்கு மூச்சு இரைக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. என் வண்டியிலதான் தூக்கிட்டு வந்தா. அன்னைக்குப் பதினாறு ஸ்டாப்புலயும் வண்டி நிக்கல. நிக்காதேன்னு சொல்லிட்டேன். கேஸ் போட்டா போடட்டும்னு இருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில கிருமி ஆராய்ச்சி பண்ணுத டாக்டரம்மா ஒருத்தர், ஹெப்சிபான்னு பேரு. நம்ம நாசரேத் பக்கம். குட்டையா, கண்ணாடி போட்டு, பேசினா காது கிட்ட வச்சுக் கேக்கணும், அவ்வளவு மெதுவாப் பேசுவாவ. இந்தத் தொண்டைப் புண்ணுல இருந்துதான் முட்டிக்குப் போயி, நெஞ்சுக்குப் போகும்னு அவிய பல வருஷமா ஆராய்ச்சி. எந்த ஊருப் பிள்ளைக்கெல்லாம் தொண்டைப் புண்ணுன்னு ஒரு படம் வரைஞ்சு புள்ளி புள்ளியா வச்சிருக்காவ. வச்சுப் பாத்தா புள்ளி எல்லாம் ஒரே கோட்டுல வந்திருக்கு. அந்தக் கோடு எது? நம்ம பதினாலாம் நம்பர் ரூட்டு.

ஒரு நாள் கையில நோட்டோட வண்டியில ஏறினாவ. ஸ்டாப்புக்கு ஸ்டாப் பிள்ளைகளை எண்ணுதாவ, எழுதுதாவ, என்னைப் பாக்காவ, திரும்ப எழுதுதாவ. நான் என்ன நினைப்பேன்? செக்கிங்குன்னு நினைச்சேன். ஒரு வாரம் நானும் கோயில்பிச்சையும் அப்படி ஒரு ஒழுங்கு. அந்த வாரம் பிள்ளைகளுக்கு விசில் கிடையாது, ரூல்ஸ்படி நானேதான் ஊதினேன். சட்டையில எல்லா பட்டனும் போட்டு, பெயர் பட்டை குத்தி, பாட்டிமாரை எல்லாம் கையைப் பிடிச்சு ஏத்தினேன். ஒரு பாட்டி பயந்துபோயி அடுத்த வண்டியில வாறேன்னு இறங்கிட்டா.

ஏழாவது நாள் டைம் ஆபீசுக்கு வந்து, வாயைத் திறங்கன்னாவ. குச்சியில பஞ்சு சுத்தி வச்சிருக்காவ, அதை உள்நாக்கு வரைக்கும் விட்டு ஒரு தடவு. எனக்குக் குமட்டி, பக்கத்துல நின்ன கோயில்பிச்சைக்கும் குமட்டிட்டு. அவன் வாயிலயும் எடுத்தாவ. ரூட்டுல ஓடுத எல்லார் வாயிலயும் எடுத்தாவ. நாலு நாள் கழிச்சு என்னை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாவ.

எனக்கு ஒரு தட்டு காட்டினாவ தம்பி. உள்ளங்கை அகலம், மூடி போட்டு, உள்ள சிவப்பா. ஆட்டு ரத்தம் கலந்து உறைய வச்சதாம். அதுல பொட்டுப் பொட்டா என் கிருமி. ஒவ்வொரு பொட்டையும் சுத்தி ரத்தம் வெளுத்து ஒரு வட்டம். கிருமி அதைத் தின்னுட்டாம். சாமி படத்துல தலையைச் சுத்தி ஒளி போட்டிருப்பாவளே, அப்படியே. மைக்ராஸ்கோப்புலயும் பாக்கச் சொன்னாவ. பாசிமணி கோத்த மாதிரி வரிசையா நிக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸாம். வெள்ளைக்காரத் துரை பேரு மாதிரி இருக்கு. இந்த மாதிரி வகை இந்த ஜில்லாவுல வேற எவனுக்கும் இல்ல, உங்க தொண்டையிலயும் அந்தப் பதினேழு பிள்ளைகள் தொண்டையிலயும்தான் இருக்குன்னாவ.

எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துது. அந்தப் பிள்ளைகளுக்கும் நமக்கும் ஒரே கிருமின்னா ஒரு வகையில சொந்தம்தானே. அவிய முகத்துல சிரிப்பே இல்ல. "அண்ணாச்சி, உங்களை அது எதுவும் செய்யல. ஆனா உங்ககிட்ட இருந்து அவங்களுக்குப் போகுது. நீங்க நாக்குல தொட்டு டிக்கெட் கிழிக்கிறீங்கல்ல?"ன்னாவ.

கேட்டியளா. எனக்கு ஒரு நாள் தொண்டை கரகரத்தது கிடையாது. சோடா குடிச்சது கிடையாது. இல்லாத சீக்கை நான் எப்படி இன்னொருத்தனுக்குக் கொடுக்க முடியும்? என்கிட்ட இல்லாத சாமானை நான் தானம் பண்ண முடியுமா? அப்படித்தான் கேட்டேன். பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒண்ணுகூட விடாமத் தின்னணும்னாவ.

ரெண்டு நாள் தின்னேன். நல்லா இருக்கவன் மாத்திரை தின்னா உடம்பு கெட்டுப் போகாதா? மீதியைக் கோயில்பிச்சைக்குக் கொடுத்துட்டேன், அவனுக்குக் கடவாய்ப் பல்லு வலி. மருந்து வீணாப் போகக் கூடாதுல்லா. பத்தாம் நாள் டாக்டரம்மா வந்து மாத்திரை முடிஞ்சுதான்னு கேட்டாவ. முடிஞ்சுதுன்னேன். பொய் இல்ல தம்பி, முடிஞ்சுதான் இருந்துது. திரும்பவும் பஞ்சு விட்டு எடுத்தாவ. கிருமி அப்படியே இருக்கு, கல்லுக் குண்டு மாதிரி.

டாக்டரம்மா உடனே போனை எடுத்தாவ. இந்தக் கிருமி அந்த மருந்துக்குச் சாகாம இருந்ததா உலகத்துல எங்கயும் கேள்விப்பட்டதில்லையாம். பெரிய பெரிய டாக்டரெல்லாம் கூடிப் பேசி, என் கிருமியை ஐஸ்ல போட்டு ஏரோப்ளேன்ல வெளிநாட்டுக்கு அனுப்பினாவ. நான் திருவனந்தபுரத்தைத் தாண்டினதில்ல, என் கிருமி கடல் தாண்டிட்டு. ஒரு மாசம் கழிச்சு அங்க இருந்து பதில் வந்துதாம், மருந்து ஒரு சொட்டுப் பட்டதும் எல்லாம் செத்துப் போச்சு, என்ன விளையாடுதியளான்னு. வெளியூருத் தண்ணி ஒத்துக்கிட்டிருக்காது. நானே தென்காசிக்குப் போனா ரெண்டு நாள் படுத்துருவேன். இதை டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அவிய கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாவ, ரொம்ப நேரம் துடைச்சாவ.

அதுக்குள்ள இங்க விஷயம் பெருசாயிட்டு. ஆஸ்பத்திரியில இருந்து டிப்போவுக்கு ஒரு கடிதாசு, கண்டக்டர்கள் நாக்கைத் தொட்டு டிக்கெட் கிழிக்கக் கூடாதுன்னு. மேனேஜர் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாரு, உள்ள ஈரப் பஞ்சு, தபால் ஆபீஸ்ல ஸ்டாம்பு ஒட்ட வச்சிருப்பாவளே அந்த மாதிரி. வண்டி ஒரு பள்ளத்துல இறங்கினா தண்ணி பூரா டவுசர்ல. ஒரு நாள் முழுக்க நனைஞ்ச டவுசரோட நின்னா ஜனங்க என்ன நினைக்கும்? யூனியன் தலைவர் தளவாய் கொதிச்சுப் போயிட்டாரு. இன்னைக்கு நாக்கு, நாளைக்குக் கையி, நாளான்னைக்கு ஆளே வேண்டாம்னுருவான்னு கேட் மீட்டிங் போட்டாரு. நான் மேடையில நாக்கை நீட்டிக் காட்டினேன். கைதட்டு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. எச்சில் தொழிலாளியின் உரிமைன்னு தட்டி வச்சாவ. எல்லாம் ஞாயத்துக்குத்தான்.

கடைசியில பேச்சுவார்த்தையில ஒரு முடிவு. எல்லார் முன்னாலயும் பரிசோதனை பண்ணிருவோம், டிக்கெட்டுல கிருமி இருந்தா டப்பா, இல்லன்னா நாக்கு.

தம்பி, அந்த நாளை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரி லெக்சர் ஹால்ல நாப்பது நாற்காலியை ரெண்டு ரெண்டாப் போட்டு, நடுவுல வழி விட்டு, பஸ் மாதிரி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பிரயாணிகள். டிரைவர் இல்லாத வண்டியில டிக்கெட் கொடுக்க விதி இல்லன்னு நான் சொல்லவும், கோயில்பிச்சையை முன்னால உக்கார வச்சாவ. அவன் கையில ஸ்டீயரிங் இல்லாம என்ன செய்யன்னு தெரியாம ஒரு ட்ரேயைப் பிடிச்சுக்கிட்டான். நான் பையை மாட்டி, உள்ள போங்க, உள்ள போங்கன்னு வழக்கம் போல. ஒரு பெரிய புரொபசர் வழியில நின்னாரு, அவரையும் உள்ள போகச் சொல்லிட்டேன். நாப்பது டிக்கெட், நாலு நிமிஷம். ஒவ்வொண்ணையும் இடுக்கியால வாங்கி ஒரு ரத்தத் தட்டுல அமுக்கி மூடுனாவ.

ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட். நாப்பது தட்டுல ஒண்ணுலயும் என் கிருமி இல்ல. டிக்கெட்டுல அந்த ஈரம் உடனே காஞ்சிருதாம், ஒண்ணும் ஒட்டுறதில்லையாம். ஊரு பூரா போஸ்டர் ஒட்டினாரு தளவாய். நாக்கு நிரபராதின்னு கொட்டை எழுத்து, கீழ என் படம். என் வீட்டுக்காரி அதுல ஒண்ணைக் கிழியாம உரிச்சுக் கொண்டாந்து பீரோவுல வச்சிருக்கா.

டாக்டரம்மா நேர்மையான மனுஷி. நான் நினைச்சது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாவ. நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னேன். டாக்டரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச பாஸு, டிக்கெட்டே கிடையாது, அந்தப் பிள்ளைக என் டிக்கெட்டைத் தொட்டதே இல்லையே, இதை முதல்லயே என்கிட்டக் கேட்டிருக்கப் படாதான்னேன். அவிய அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாவ. நாலு மாச ஆராய்ச்சி. கண்டக்டரு நான் ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன்.

பிறகு கேட்டாவ. "உங்க வாயில இருந்து அந்தப் பிள்ளைகள் வாய்க்கு ஏதோ ஒண்ணு போகுது அண்ணாச்சி. அது எதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு." நல்லா யோசிச்சுப் பாத்தேன். என் வாயில இருந்து அதுகளுக்கு என்ன போகும்? புத்திமதிதான் போகும்னு சொன்னேன்.

அதுக்குள்ள இசக்கி ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டா. மெலிஞ்சு, கண்ணு மட்டும் பெருசா. திரும்ப வண்டியில ஏறின அன்னைக்கு அழுதுட்டேன் தம்பி, எல்லாரும் பாக்க. பதினாறு பேருக்கு முன்னால அவளுக்குத்தான் விசில்னு சொன்னேன். எல்லா ஸ்டாப்புலயும் அவதான் ஊதினா. நான் பாதி, அவ மீதி. ஒரு வாரம் அப்படி ஓடுச்சு.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மாவும் ஏறி உக்காந்திருக்காவ, பின் சீட்டுல, பழையபடி நோட்டோட. நான் வாயில இருந்து எடுத்து இசக்கி வாயில வைக்கேன், பின்னால நோட்டு கீழ விழுற சத்தம் கேக்கு. எந்திரிச்சு வாறாவ, ஓடுத வண்டியில கம்பியைக்கூடப் பிடிக்கல. அந்த விசிலை எனக்குத் தாங்கன்னாவ. விசில் இல்லாம வண்டி எப்படி ஓடும்னு நான் கேட்டேன். முகமெல்லாம் வெளிறி இருக்கு. இனிமே இதைப் பிள்ளைகள் வாயில வைக்கக் கூடாது, நாளைக்குக் காலையில இதை ஆய்வுக்குக் கொண்டாங்கன்னாவ.

எனக்குப் புரிஞ்சு போச்சு. டிக்கெட்டுல தோத்துட்டாவ, விசில்ல ஜெயிக்கப் பாக்காவ. பாவமாத்தான் இருந்துது. ஆனா தம்பி, அது நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு வாங்கின விசிலு. பித்தளை. அதைக் கொண்டு போயி ரசாயனத்துல முக்கி எடுத்தாவன்னா பிறகு அதுல சத்தம் வருமா? உள்ள ஒரு சின்னத் தக்கை உருண்டை இருக்கும்லா, அது எப்பவும் ஈரத்துல ஊறிக்கிட்டே இருக்கணும், காஞ்சுதுன்னா விசில் செத்துப் போச்சு. அதனால ஜங்ஷன்ல கடையில போயி அதே மாதிரி ஒரு புது விசில் வாங்கினேன். டாக்டரம்மா கையில கொடுக்குற சாமானாச்சேன்னு சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர்ல அலசி, வெயில்ல காய வச்சுக் கொடுத்தேன். இது அதே விசில்தானான்னு கேட்டாவ. அதே விசில்தான்னேன். அதே கம்பெனி, அதே அளவு.

மூணு நாள்ல ரிசல்ட். ஒரு கிருமிகூட இல்ல. விசிலும் நிரபராதி.

எனக்கு அப்பத்தான் மனசு நிம்மதியாச்சு. ஏன்னா, உண்மையைச் சொல்லுதேன், அவிய முகத்தைப் பாத்ததுல எனக்கும் ஒரு பயம் உள்ள வந்துட்டு. அந்தப் பிள்ளைக்கு என்னால ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி இருப்பேன்? ரெண்டும் ஒரே கம்பெனி விசிலு. அதுல இல்லைன்னா இதுல எப்படி இருக்கும்? பெரிய ஆஸ்பத்திரியில ஆட்டு ரத்தம் ஊத்திப் பாத்துச் சொன்ன ரிசல்ட்டு அது. பிறகு தைரியமாப் பழைய விசிலையே முறை போட்டுக் கொடுத்தேன், டாக்டரம்மா வராத நாளாப் பாத்து. வந்தா அவிய மனசு கஷ்டப்படும்லா.

ஆராய்ச்சியை மூடிட்டாவ. எங்க இருந்து பரவுச்சுன்னு கண்டுபிடிக்க முடியலன்னு எழுதினாவளாம். கடைசியாப் பாத்தப்போ முடியெல்லாம் நரைச்சுப் போச்சு. எனக்கு அவிய மேல ஒரு கோவமும் இல்ல. படிச்சவுகளுக்கு ஒரு பொருளைப் பாத்தாச் சந்தேகம், நமக்கு அப்படி இல்ல.

நான் ரிட்டையர் ஆன பிறகு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. இந்த ரூட்டுல ஒரு பிள்ளைக்கும் தொண்டைப் புண்ணு இல்லையாம். சண்முகத்தாய் சொன்னா. சீசன் மாறிட்டு போல. இசக்கியும் தெம்பா இருக்காளாம், ஆனா கண்டக்டர் தாத்தா எங்க, விசில் எங்கன்னு ஒரே அனத்தலாம். புதுசா வந்த பய யாருக்கும் தர மாட்டேங்கான். பிள்ளைக திரும்பப் படிக்கட்டுல தொங்குதுக.

அதான் முடிவு பண்ணிட்டேன். எனக்கு இனிமே எதுக்கு இது? அவளுக்கே கொடுத்துருதேன், அவளே வச்சு ஊதட்டும். பிறந்த நாளுக்கு.

இந்தா, இதுதான். பாருங்க. பளபளன்னு இருக்கா? மேலுக்குத்தான் புளி போட்டுத் தேய்ச்சேன், உள்ள தொடல. தினம் காலையில எந்திரிச்சதும் பத்து ஊது ஊதி வச்சிருவேன், உருண்டை காயக் கூடாதுன்னு. இன்னைக்கு வண்டி ஏறுறதுக்கு முந்திகூட ஊதினேன். ஈரமா இருக்கா? அதுதான் பக்குவம். என்ன தம்பி, கர்சீப்பால பிடிக்கிய? வெறுங்கையில பிடிங்க, ஒண்ணும் பண்ணாது, டெஸ்ட் பண்ணின விசிலு.

என்ன, டாக்டரம்மா நம்பரா? அது எதுக்கு உங்களுக்கு? ஏன் ஒரு மாதிரி இருக்கிய, வண்டி ஒத்துக்கிடலியா? ஜன்னலை நல்லாத் திறந்து விடுங்க. இந்தா பாலம் வந்துட்டு, தாமிரபரணிக் காத்து வரும், சரியாயிரும். விசிலை இங்க தாங்க, நீங்க வாந்தி கீந்தி எடுத்து...

ஏ, தம்பி. ஏ, என்ன செஞ்சிய?

ஆத்துலயா போட்டிய? ஏய்யா, உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? முப்பத்தோரு வருஷத்து விசிலு ஐயா அது. உம்மகிட்ட நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசினேனா? ஜன்னலோரம் உக்கார வச்சதுக்கா இது? மடியில பையை வைன்னு சொன்னதுக்கா? ஏ கண்டக்டரே, ஹோல்டான், ஹோல்டான் சொல்லுவே. காது கேக்காத சவம், மெஷின்ல தலையைக் கவுத்திக்கிட்டு நிக்கான். அந்தப் பிள்ள வாசல்ல வந்து நின்னுக்கிட்டு இருப்பா, நான் இப்ப வெறுங்கையோட போயி அவகிட்ட என்னன்னு சொல்ல?

என் கையைப் பிடிக்காதீரும். விடும். வண்டியை நிறுத்தணும். ஒரு ஊது ஊதினா இந்த வண்டி பாலத்து மேலயே நிக்கும், பத்து வயசுப் பிள்ள ஊதினாலே நிக்கும். இப்ப ஊதுறதுக்கு என்னத்தய்யா இருக்கு என்கிட்ட?